வேலை அழுத்தம், சுயகட்டுப்பாடு, பணித்தரம்: பெங்களூரு மருத்துவமனைகளில் பணிபுரியும் தமிழ்ச் செவிலியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓசூரிலிருந்து பஸ் பிடித்து பொம்மசந்திராவுக்கு டூட்டிக்கு வருகிறவர்கள், நாகர்கோவிலிலும் தருமபுரியிலும் படித்துவிட்டு இங்கே ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள், அல்சூரிலும் சிவாஜிநகரிலும் பிறந்து வளர்ந்தவர்கள் என்று இந்த ஊர் வார்டுகளில் தமிழ்ச் செவிலியர்கள் நிறையவே இருக்கிறார்கள். வார்டில் வேலை பார்த்துவிட்டுக் கற்பிக்கும் பணிக்கு வந்தவள் நான். வகுப்பிலும் வராந்தாவிலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நிர்வாகங்களுக்குப் பிடிக்காத பதில்களும் இவற்றில் உண்டு.

“கொஞ்சம் அழுத்தம் இருந்தால்தான் வேலை ஓடும்” என்கிறார் எங்கள் வார்டு இன்சார்ஜ் (பொறுப்புச் செவிலியர்). உண்மையா?

பாதி உண்மை. 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்துதான் இந்த வாதம் புறப்படுகிறது. தூண்டுதல் ஓரளவுக்குக் கூடும்வரை எலிகள் வேகமாகக் கற்றன. அதைத் தாண்டியதும் தடுமாறின. பலர் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று அதில் இருக்கிறது. பணி கடினமாக இருந்தபோது தடுமாற்றம் சீக்கிரமே தொடங்கிவிட்டது. படுக்கை விரிப்பதை அவசரத்திலும் செய்துவிடலாம். மருந்தை அளந்து நரம்பு வழியே செலுத்தும் இன்ஃபியூஷன் பம்பில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லி என்று கணக்குப் போடுவதை அப்படிச் செய்ய முடியாது.

அழுத்தத்தின் அளவு போலவே அதன் வகையும் முக்கியம். புதிதாக வந்த வென்டிலேட்டரைக் கற்றுக்கொள்வதும், மோசமான நிலையில் வந்த நோயாளியைத் தேற்றி எடுப்பதும் களைப்பைத் தந்தாலும் ஒரு நிறைவையும் தரும். சுத்தமான விரிப்பைத் தேடி மூன்று வார்டு அலைவது, ஃபார்மசிக்குப் போன இண்டெண்ட் (மருந்து கேட்கும் சீட்டு) எங்கே என்று விசாரிப்பது, காப்பீட்டு அனுமதிக்காக பில்லிங் பிரிவோடு மல்லுக்கட்டுவது ஆகியவற்றில் களைப்பு மட்டுமே மிஞ்சும். முதல் வகையை வைத்துக்கொண்டு இரண்டாவது வகையை நியாயப்படுத்துவதுதான் இன்சார்ஜ்களின் வழக்கமான தவறு.

அழுத்தம் கூடினால் வேலையில் எது முதலில் பாதிக்கப்படும்?

தவறான ஊசி, தவறான மருந்து என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அவை நடக்கின்றன. ஆனால் அவற்றுக்கு வெகு முன்பே வேறு சில வேலைகள் சத்தமில்லாமல் காணாமல் போய்விடுகின்றன. அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் பியாட்ரிஸ் காலிஷ் 2006-இல் வார்டு செவிலியர்களைக் குழுக்களாக உட்காரவைத்துப் பேசியபோது, வழக்கமாக விடுபடும் பணிகள் என்று அவர்களே சொன்ன பட்டியலைப் படித்தால் பெங்களூரு வார்டு ஒன்றில் எழுதியது போலவே இருக்கும்: நோயாளியை எழுப்பி நடக்கவைப்பது, பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, வேளைக்கு உணவு கொடுப்பது, வாய் சுத்தம் செய்வது, உள்ளே போன நீரையும் வெளியே வந்த நீரையும் அளந்து எழுதுவது, வீட்டுக்குப் போகும் முன் விளக்கிச் சொல்வது, பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசுவது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே குணம்தான். செய்யாவிட்டால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எட்டு மணி ஆன்டிபயாடிக் ஒன்பதுக்குப் போனால் கேஸ் ஷீட்டில் தெரிந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றாவிட்டால் சில நாட்கள் கழித்து முதுகின் அடிப்பகுதியில் புண்ணாகத் தெரியும். அதற்குள் ஷிஃப்ட் பலமுறை மாறியிருக்கும், யார் விட்டது என்று கேட்க ஆளிருக்காது. வாய் சுத்தம் செய்யாத பாட்டிக்கு நிமோனியா வந்தால் அதை வயதின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

அதனால்தான் “எங்கள் செவிலியர்கள் எவ்வளவு நெருக்கடியிலும் சமாளித்துவிடுவார்கள்” என்று நிர்வாகிகள் மேடையில் பெருமைப்படும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. ஆவணங்கள் நிறைந்திருக்கின்றன என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

சுயகட்டுப்பாடு என்றால் கோபப்படாமல் இருப்பதுதானே?

அது மூன்றில் ஒன்று. ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஷ்மிட், நொய்பாக் இருவரும் 2007-இல் வேலை நம்மிடம் கேட்கும் சுயகட்டுப்பாட்டை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று, உந்துதலை அடக்குவது: கத்தும் உறவினரைத் திருப்பிக் கத்தாமல் இருப்பது. இரண்டு, கவனச்சிதறலை எதிர்ப்பது: மருந்து கலக்கும்போது அடிக்கும் தொலைபேசியை அடிக்க விடுவது. மூன்று, மனம் ஒப்பாத வேலையைச் செய்வது: விடியற்காலை மூன்று மணிக்கு, “அரை மணி முன்புதானே பார்த்தோம்” என்று உடம்பு சொல்லும்போது எழுந்துபோய் மறுபடி ரத்த அழுத்தம் பார்ப்பது.

இரண்டாவதைப் பற்றி உறுதியான எண்கள் இருக்கின்றன. சிட்னியின் இரண்டு போதனா மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் மருந்து கொடுப்பதைக் கூடவே நின்று கவனித்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருத்துவ ரீதியான பிழைகள் 12.7 விழுக்காடு கூடின. நான்கு முறை குறுக்கிட்டால் கடுமையான பிழைக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. மருந்து டிராலியோடு நிற்கும் செவிலியரிடம் “சிஸ்டர், டிஸ்சார்ஜ் எப்போது?” என்று கேட்பவர் யாருக்கும் தீங்கு நினைப்பதில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு அடுத்த படுக்கைக்காரர் விலை கொடுக்கலாம்.

கன்னடமும் இந்தியும் சரியாக வராது. அதனாலும் களைப்பு வருமா?

நிச்சயமாக. நோயாளியிடம் கன்னடம், துணைக்கு வந்தவரிடம் இந்தி, டாக்டரிடம் ஆங்கிலம், சக செவிலியரிடம் மலையாளம் என்று ஒரே ரவுண்டில் நான்கு மொழிக்குத் தாவுவது கவனத்தைத் தின்னும் வேலை. அதை எந்த ரோஸ்டரும் (டூட்டி அட்டவணையும்) வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. படுக்கையருகே தேவைப்படும் கன்னடம் கொஞ்சம்தான்: “எல்லி நோவு?” (எங்கே வலி), “ஊட்டா ஆயித்தா?” (சாப்பிட்டீர்களா), “ஸ்வல்ப தாளி” (சற்றுப் பொறுங்கள்). இவை யோசிக்காமல் வாயில் வரும்வரை பழகுங்கள். தமிழ் தெரிந்தவருக்குக் கன்னடம் தூரமில்லை.

ஆனால் சம்மதக் கையெழுத்து, டிஸ்சார்ஜ் விளக்கம், இன்சுலின் அளவு ஆகியவற்றை அரைகுறை மொழியில் சமாளிக்காதீர்கள். மொழி தெரிந்த சகாவைக் கூப்பிடுங்கள். சொன்னதை நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை விடாதீர்கள்.

பொறுமை ஒரு கட்டத்தில் தீர்ந்துபோகும் என்கிறார்களே?

அமெரிக்க உளவியலாளர் ராய் பாமைஸ்டர் 1998-இல் அப்படித்தான் சொன்னார். சுடச்சுட பிஸ்கட்டை எதிரே வைத்து, முள்ளங்கியை மட்டும் சாப்பிடச் சொல்லப்பட்டவர்கள் அடுத்து வந்த கடினமான புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். மன உறுதி செலவாகித் தீரும் சரக்கு என்ற கருத்து அதிலிருந்து பரவியது. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, அதே வகையில் வேறொரு சோதனையைப் பெரிய அளவில் செய்தபோது விளைவு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எனவே இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதேசமயம் ஆய்வகத்தின் சில நிமிடப் பயிற்சியும் பன்னிரண்டு மணி நேர நைட் டூட்டியும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

தூக்கம் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் நிலைக்கு இறங்குவதாக 1990-களின் இறுதியிலிருந்து வந்த ஆய்வுகள் காட்டின. இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03. முதல் நைட் டூட்டிக்கு வருபவரின் கணக்கைப் பாருங்கள். காலை எட்டுக்கு எழுந்து, துணி துவைத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, பகலில் கண் மூடாமல் இரவு எட்டுக்கு வார்டுக்குள் வந்தால், இரவு ஒரு மணிக்கு 17 மணி நேரம் முடிந்துவிடும். இன்னும் ஏழு மணி நேர டூட்டி மிச்சமிருக்கும். முதல் நைட் டூட்டிக்கு முந்தைய மதியத் தூக்கத்தைச் சோம்பல் என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

எப்போதும் சிரித்த முகம் வேண்டும் என்கிறார்கள். மனதுக்குள் எரிகிறது. என்ன செய்வது?

விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-இல் இதை உழைப்பு என்றே அழைத்தார். சம்பளத்துக்காக முகத்தையும் மனதையும் நிர்வகிக்கும் உழைப்பு. அதில் அவர் இரண்டு வழிகளைக் கண்டார். உள்ளே ஒன்று இருக்க, வெளியே வேறொன்றை ஒட்டவைத்துக்கொள்வது ஒரு வழி. உள்ளே இருப்பதையே மெல்ல மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. முதல் வழியில் போகிறவர்களிடம் மனச்சோர்வு அதிகம் என்று அதன் பின் வந்த ஆய்வுகள் தொடர்ந்து சொல்கின்றன.

செவிலியருக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கிக்கொண்டு கேட்பவர்களுக்கு, கேட்ட விஷயம் சரியாக நினைவில் நிற்பதில்லை என்று ரிச்சர்ட்ஸ், கிராஸ் இருவரும் 2000-இல் காட்டினார்கள். நிலைமையை வேறு கோணத்தில் பார்க்கப் பழகியவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. நோயாளியின் மகன் காட்டும் கோபத்தை விழுங்கியபடி நிற்கும்போது, நடுவில் அவர் சொன்ன “அப்பாவுக்கு சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது” என்ற செய்தி காதில் விழாமலே போய்விடலாம்.

“இவர் என்னைத் திட்டவில்லை, நேற்றிரவு ஐ.சி.யு. வாசலில் தரையில் படுத்திருந்திருக்கிறார்” என்று நினைத்துப் பார்ப்பது பூமாதேவிக்குரிய பொறுமையைக் கேட்கும் யோசனையாகத் தோன்றலாம். தினமும் பத்து பேரிடம் முடியாதுதான். முடியாதபோது ஒரு காகிதத்தை எடுத்து அவர் சொல்வதை எழுத ஆரம்பியுங்கள். செய்தி தப்பாது, தான் சொல்வதை எழுதுகிறார்கள் என்று கண்டதும் பெரும்பாலானவர்களின் குரலும் இறங்கும்.

டாக்டர் திட்டினால் பேசாமல் இருக்கிறேன், ஆனால் ஆயாம்மாவிடம் எரிந்து விழுகிறேன்...

கோபம் செல்லுபடியாகும் இடம் பார்த்துத்தான் வெளியே வரும். டாக்டர் இன்சார்ஜை, இன்சார்ஜ் ஜூனியரை, ஜூனியர் ஆயாவை, ஆயா நோயாளியின் அம்மாவை என்று அது படியிறங்கும். கடைசிப் படியில் இருப்பவர் பெரும்பாலும் பொது வார்டு ஏழை. அடக்கியது மேலே, கொட்டியது கீழே. ஆயாவிடம் மன்னிப்புக் கேட்பது நல்லது. அதைவிட, டாக்டரிடம் அன்றே தனியாக, “நோயாளி முன்னால் அப்படிப் பேசாதீர்கள் சார், சந்தேகம் இருந்தாலும் உங்களைக் கேட்கப் பயமாகிவிடும்” என்று சொல்வது பயன் தரும். கேட்கப் பயந்த செவிலியரால் யாருக்கு ஆபத்து என்பது அவருக்கும் தெரியும்.

ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் நியாயம்?

இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறைப்படி பொது வார்டில், போதனா மருத்துவமனையானால் மூவருக்கு ஒருவர், மற்றவற்றில் ஐவருக்கு ஒருவர். தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர். விடுப்பில் போகிறவர்களை ஈடுகட்ட 30 விழுக்காடு கூடுதல் ஆட்கள் தனி. உங்கள் வார்டை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணிக்கைக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை லிண்டா ஐக்கனின் குழு பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் அளந்து 2002-இல் வெளியிட்டது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. செவிலியர் மனம் எரிந்து சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 விழுக்காடு கூடியது. தியான வகுப்புக்கு ஏற்பாடு செய்யும் மருத்துவமனைகளை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பத்து நோயாளிகளை ஒருவர் தலையில் கட்டிவிட்டு மூச்சுப்பயிற்சி சொல்லித்தருவது, ஆள் எடுக்கும் செலவைச் செவிலியரின் பொறுமையிலிருந்து பிடித்துக்கொள்வதுதான்.

இயல்பிலேயே அமைதியானவர்கள்தான் நல்ல செவிலியர்களா?

அமைதியானவர்கள் எந்நேரமும் தங்களை அடக்கிக்கொண்டிருப்பதாக நாம் நினைக்கிறோம். ஜெர்மனியில் ஆட்களின் அன்றாட ஆசைகளைக் குறித்துக்கொண்டே வந்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளியானது. சுயகட்டுப்பாடு மிகுந்தவர்களுக்கு மனப்போராட்டமே குறைவாக இருந்தது. போராட வேண்டிய சூழலுக்குள் அவர்கள் அதிகம் போவதில்லை. வழக்கங்கள் அவர்களைக் கொண்டுசெல்கின்றன.

செவிலியருக்கு இது நல்ல செய்தி. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் சொன்ன எளிய முறை இங்கே உதவும்: “இது நடந்தால் இதைச் செய்வேன்” என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது. மருந்து கையில் இருக்கும்போது யாராவது கூப்பிட்டால், “இவருக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன்” என்று மட்டும் சொல்வேன். பொட்டாசியம், ஹெப்பாரின், இன்சுலின் என்றால், எவ்வளவு தெரிந்தாலும் இன்னொருவரிடம் காட்டாமல் ஏற்றமாட்டேன். குரல் உயர்கிறது என்று தெரிந்தால், உறவினரை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு நானும் உட்காருவேன். அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை என்பதே இதன் பலம்.

அமைதியானவர்களுக்கு நேரும் ஓர் அநியாயத்தையும் சொல்லவேண்டும். “அவள் சமாளித்துக்கொள்வாள்” என்று தகராறு செய்யும் படுக்கைகள் எல்லாம் அவர்களுக்கே ஒதுக்கப்படும். அழாதவருக்கு ஆஃப் கிடைக்காது. ரோஸ்டர் போடுபவர்கள் இதைப் படித்தால் நல்லது.

12 மணி நேர டூட்டி நல்லதா?

நிறைய பேர் விரும்புகிறார்கள். ஆஃப் நாட்களைச் சேர்த்துவைத்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம் என்ற கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் அமெரிக்கச் செவிலியர்களின் வேலைக் குறிப்பேடுகளைத் தொகுத்து 2004-இல் வெளியான ஆய்வில், பன்னிரண்டரை மணி நேரத்தைத் தாண்டிய ஷிஃப்டுகளில் பிழைக்கான வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது. இங்கே 12 மணி நேரம் என்று எழுதியிருக்கும் டூட்டி, ஹேண்ட்ஓவரும் (அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைப்பதும்) மிச்ச எழுத்து வேலையும் சேர்ந்து பதின்மூன்றில் முடிவது சாதாரணம். காலையில் சில்க் போர்டு நெரிசலில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மஞ்சள் தட மெட்ரோ வந்துவிட்டது. அதில் கண்ணயர்ந்தால் நிலையம்தான் தப்பும்.

சம்பளம் குறைவு என்பதும் அழுத்தம்தானே?

ஆமாம். 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் மாநில அரசு செவிலியருக்கு இணையாகவும், 50-க்கும் குறைவான படுக்கை உள்ளவை மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை என்ற சொல்லைக் கவனியுங்கள்.

உறவினர்கள் கை நீட்டினால்?

அங்கே சுயகட்டுப்பாட்டுக்கு வேலையில்லை. விலகுங்கள், செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள். மருத்துவப் பணியாளர் மீதான வன்முறைக்கு எதிரான கர்நாடகத்தின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் செவிலியரையும் காக்கிறது.

என் மனைவி செவிலியர். டூட்டி முடிந்து வந்தால் யாரிடமும் பேசுவதில்லை. கோபமா?

பெரும்பாலும் இல்லை. பகல் முழுக்க அந்நியர்களிடம் கனிவாகப் பேசியவருக்கு வீட்டில் பேச்சு வராமல் போவது இயல்பு. “ஏன் உம்மென்று இருக்கிறாய்” என்று கேட்பதற்குப் பதில் சமையலறையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் குளித்து, சாப்பிட்டு, தானாகப் பேசட்டும். விடுமுறை நாளிலும் அதே நிலை தொடர்ந்தால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

எந்தக் கட்டத்தில் உதவி தேட வேண்டும்?

கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் “பர்ன்அவுட்” எனப்படும் இந்தப் பணிச்சோர்வை மூன்று அடையாளங்களால் விவரித்தார். மனம் வற்றிப்போவது, நோயாளிகளை ஆளாகப் பார்க்காமல் படுக்கை எண்ணாகப் பார்ப்பது, என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றுவது. “ஏழாம் நம்பர் போய்விட்டது” என்று சொல்லும்போது உள்ளே எதுவும் அசையவில்லை என்றால் அதைத் திடமனது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற வகைப்பாடு இதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்கிறது. ஆனால் தூக்கமும் பசியும் போய், எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரம் கடந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே.

சொந்த மருத்துவமனையில் காட்டத் தயக்கம் இருந்தால் 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது. அதன் தலைமை மையம் நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான். தமிழிலும் பேசலாம், இரவிலும் பேசலாம்.

நான் இன்சார்ஜ். புதிய ஆள் எடுக்கும் அதிகாரம் எனக்கில்லை. என்னால் என்ன முடியும்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். மருந்து கொடுக்கும் நேரத்தில் வார்டு தொலைபேசியை ஒருவர் மட்டும் எடுக்கட்டும். அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். ரோஸ்டரை மாதத் தொடக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்; நாளை என்ன டூட்டி என்று தெரியாமல் காத்திருப்பதும் களைப்புதான். நைட் முடித்தவரை அடுத்த நாள் காலை டூட்டிக்குப் போடாதீர்கள். சாப்பிடப் போகிறவரின் நோயாளிகளை யார் பார்ப்பது என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். இல்லாவிட்டால் அவர் போகமாட்டார், போனாலும் சாப்பிடமாட்டார். நூலிழையில் தப்பிய பிழைகளைப் பெயரில்லாமல் எழுதிப் போட ஒரு பெட்டி வையுங்கள். அதை வைத்து யாரையும் கேள்வி கேட்காத வரையில்தான் அது நிறையும். ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் விடுபட்டது என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை பேரைப் பக்கம் மாற்ற முடியவில்லை, எத்தனை பேரை நடக்கவைக்க முடியவில்லை. ஒரு மாதக் குறிப்பை நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட் மேசையில் வைத்து ஆள் கேளுங்கள். “ஸ்டாஃப் ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள்” என்று சொல்லிக் கேட்டபோது கிடைக்காத ஆள், அந்தத் தாளைக் காட்டிக் கேட்டபோது கிடைத்த வார்டுகள் உண்டு.